வெள்ளை மாளிகை மனிதர்கள் – 29: நெருப்புக்குத் தப்பிய காகிதங்கள்

சென்ற வாரம் உட்ரோ வில்சனைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்தோம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன ஜனாதிபதி. அவருடைய அறைக்குள் எந்தக் கோப்பு போகலாம், எந்த அமைச்சர் போகலாம் என்பதை மனைவி எடித் அம்மையார் முடிவு செய்துகொண்டிருந்தார். வெளியே நாடு அலுத்துப் போயிருந்தது. உலகப் போர், விஷக் காய்ச்சல், வேலைநிறுத்தம், விலைவாசி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அடிகளுக்குப் பிறகு, பெரிய லட்சியம் எதுவும் பேசாத ஒரு மனிதர் வந்தால் போதும் என்று மக்கள் நினைத்தார்கள். அப்படித்தான் வந்தார் வாரன் கமாலியேல் ஹார்டிங்.

1920 ஜூன், சிகாகோ. குடியரசுக் கட்சி மாநாடு. கொளுத்தும் வெயில். ஜெனரல் லெனார்ட் உட், ஆளுநர் ஃப்ராங்க் லோடன், செனட்டர் ஹைரம் ஜான்சன் மூவரில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பிளாக்ஸ்டோன் ஹோட்டல் அறையொன்றில் சுருட்டுப் புகை நடுவே கட்சிப் பெரியவர்கள் விடிய விடியப் பேசினார்கள். நடுநிசிக்குப் பிறகு ஹார்டிங்கை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டதாகப் பத்திரிகையாளர் ஜார்ஜ் ஹார்வி பிற்பாடு சொன்னார். கட்சிக்குத் தலைகுனிவு உண்டாக்கும்படி உங்கள் வாழ்க்கையில் ஏதாவது உண்டா? ஹார்டிங் பத்து நிமிடம் அவகாசம் கேட்டார். பக்கத்து அறைக்குள் போனார். வந்து, ஒன்றுமில்லை என்றார்.

ஹார்வி வாயால் மட்டுமே தெரிந்த கதை இது. அந்த ஒற்றை அறைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் முழுசாக ஏற்பதுமில்லை. மறுநாளும் வாக்கெடுப்பு இழுத்துக்கொண்டே போய்ப் பத்தாவது சுற்றில்தான் ஹார்டிங் வேட்பாளரானார். ஆனால் கதை நிஜமானால், அந்தப் பத்து நிமிடத்தில் அவர் நினைத்துப் பார்க்கவேண்டிய விஷயங்கள் நிறைய இருந்தன. நண்பரின் மனைவியோடு பதினைந்து வருட உறவு. தன்னைவிட முப்பது வயது இளைய ஒரு பெண். அவளுக்குப் பிறந்து எட்டு மாதம்கூட நிறையாத ஒரு குழந்தை.

ஒஹாயோ மாநிலத்தில் மேரியன் என்ற சிறு நகரம். 1884இல், பத்தொன்பது வயதில், இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து 300 டாலருக்கு 'மேரியன் ஸ்டார்' என்ற நொடித்துப்போன பத்திரிகையை ஹார்டிங் வாங்கினார். பத்திரிகையை நிமிர்த்தியதில் பாதிப் பங்கு அவருடைய மனைவி ஃப்ளாரன்ஸுக்கு. அவரைவிட ஐந்து வயது மூத்தவர், விவாகரத்தானவர், ஊரின் பெரிய பணக்காரர் ஏமஸ் கிளிங்கின் மகள். சந்தா வசூல், விநியோகம், பேப்பர் போடும் பையன்கள் எல்லாம் அம்மையார் பொறுப்பு. (அந்தப் பையன்களில் ஒருவர் நார்மன் தாமஸ். பின்னாளில் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சியின் நிரந்தர ஜனாதிபதி வேட்பாளர் என்றே சொல்லலாம்.)

மாமனார் கிளிங்குக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. ஹார்டிங் குடும்பத்தில் கறுப்பின ரத்தம் ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வதந்தி ஹார்டிங்கை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. 1920 தேர்தலின்போது ஊஸ்டர் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வம்சாவளிப் பட்டியல் தயாரித்துப் பிரசுரமாகவே வெளியிட, அவருக்கு வேலை போனது. ஒரு மனிதரின் பாட்டி யார் என்பது ஓட்டுச் சீட்டைப் பாதிக்கும் என்று இரண்டு தரப்புமே நம்பின. அன்றைய அமெரிக்கா அப்படி.

முன்னே சொன்ன நண்பரின் மனைவி கேரி பிலிப்ஸ். அவருடைய கணவர் மேரியனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். இரண்டு குடும்பங்களும் நெருங்கிய சினேகம். 1905இல் ஃப்ளாரன்ஸ் சிறுநீரக அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்த காலத்தில் ஹார்டிங்குக்கும் கேரிக்கும் உறவு தொடங்கியது. 1909இல் இரண்டு தம்பதிகளும் சேர்ந்தே ஐரோப்பா போய் வந்தார்கள். கேரிக்கு ஹார்டிங் எழுதிய கடிதங்கள் சில நாற்பது பக்கத்துக்குக் குறையாது. காதல், கவிதை, கொஞ்சல், சங்கேதப் பெயர்கள். செனட்டரான பிறகு செனட்டின் பெயர் அச்சிட்ட தாளிலேயே எழுதினார்! கடிதங்களை எரித்துவிடு என்று கேரியிடம் அவர் கெஞ்சியதுண்டு. கேரி எரிக்கவில்லை.

இதில் அரசியலும் கலந்தது. கேரி சில வருடங்கள் பெர்லினில் வாழ்ந்தவர். ஜெர்மனி மீது பற்று வைத்துத் திரும்பினார். ஜெர்மனிக்கு எதிரான போர்த் தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டால் நம் உறவைப் பகிரங்கப்படுத்துவேன் என்று செனட்டரை மிரட்டினார். 1917 ஏப்ரலில் ஹார்டிங் போருக்கு ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டார். கேரியும் வாயைத் திறக்கவில்லை. அரசின் புலனாய்வு ஆட்கள் சிலகாலம் அந்த அம்மாளைக் கண்காணித்தார்கள். ஆக, வெளிநாட்டு விசுவாசம் சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் கைப்பெட்டியில் ஒரு செனட்டரின் மானம் இருந்தது. பின்னால் நடந்த எண்ணெய்க் கூத்துகளைவிட நாட்டுக்கு ஆபத்தான நிலைமை இதுதான் என்பது என் கருத்து.

1920இல் வேட்பாளரானவுடன் கட்சி விழித்துக்கொண்டது. கேரிக்கும் கணவருக்கும் ஒரு தொகையும் மாதப் படியும் கொடுத்துத் தேர்தல் முடியும்வரை ஜப்பான் பக்கம் போய்வாருங்கள் என்று கப்பலேற்றியது. தொகை 20,000 டாலர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

முப்பது வயது இளைய அந்தப் பெண்ணின் பெயர் நான் பிரிட்டன் (Nan Britton). அவர் கதை வேறு மாதிரி. மேரியனில் ஒரு மருத்துவரின் மகள். பள்ளியில் ஹார்டிங்கின் தங்கை இவருக்கு ஆசிரியை. சிறுமியாக இருந்தபோதே தேர்தல் சுவரொட்டிகளிலிருந்த ஹார்டிங் படத்தை அறையில் ஒட்டிவைத்திருந்த பெண். வளர்ந்து வேலை தேடி ஹார்டிங்குக்குக் கடிதம் எழுதினார். 1919 அக்டோபரில் நியூ ஜெர்சியின் ஆஸ்பரி பார்க்கில் பெண் குழந்தை பிறந்தது. இந்த உறவில் வந்த கடிதங்களை எரித்துவிடச் சொன்னபோது, நான் பிரிட்டன் எரித்துவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்டதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பது பின்னால் வருகிறது.

தேர்தலில் ஹார்டிங் பெரிதாக அலையவில்லை. மேரியன் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு வருகிற கூட்டத்துக்குப் பேசினார். இயல்பு நிலைக்குத் திரும்புவோம் என்பதுதான் கோஷம். நாடு முழுவதும் பெண்கள் ஓட்டுப் போட்ட முதல் ஜனாதிபதித் தேர்தல் அது. 1920 நவம்பர் 2, அவருடைய ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள். அறுபது சதவீத வாக்குகள். தேர்வாளர் வாக்குகளில் 404க்கு 127. எதிர்த்து நின்ற ஜேம்ஸ் காக்ஸும் ஒஹாயோ பத்திரிகை முதலாளிதான்.

நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஹார்டிங் முட்டாளும் அல்ல, கொடியவரும் அல்ல. வெளியுறவுக்குச் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், வணிகத்துக்கு ஹெர்பர்ட் ஹூவர் என்று பொருத்தமான ஆட்களை அமர்த்தினார். வல்லரசுகளின் போர்க்கப்பல் போட்டிக்குக் கடிவாளம் போட்ட வாஷிங்டன் மாநாடு அவர் காலத்தில்தான் நடந்தது. வில்சன் சிறையில் அடைத்து, விடுவிக்க மறுத்த சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸை 1921 கிறிஸ்துமஸுக்கு விடுதலை செய்து, வெள்ளை மாளிகைக்கே வரவழைத்துக் கைகுலுக்கினார். அதே ஆண்டு அலபாமாவின் பர்மிங்ஹாமில், வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக நிறுத்தப்பட்டிருந்த கூட்டத்தில், கறுப்பர்களுக்கு அரசியல் சமத்துவம் வேண்டும் என்று பேசினார். தெற்கில் நின்று அப்படிப் பேச அதற்கு முன் எந்த ஜனாதிபதிக்கும் துணிச்சல் வரவில்லை.

அவருக்கு வராத ஒரே வார்த்தை 'முடியாது' என்பது. நண்பன் கேட்டால் பதவி கொடுப்பார். செனட்டராக மதுவிலக்குத் திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டவர், வெள்ளை மாளிகை மாடியில் நண்பர்களோடு சீட்டாடும்போது விஸ்கி ஊற்றுவதைத் தடுக்கவில்லை. சட்டத்தைக் காக்கவேண்டிய அட்டர்னி ஜெனரல் பதவியையே தன்னை மேலே தூக்கிவிட்ட ஒஹாயோ தரகர் ஹாரி டாகர்ட்டிக்குக் கொடுத்தார்.

டாகர்ட்டியின் நிழல் ஜெஸ் ஸ்மித். அரசில் எந்தப் பதவியும் கிடையாது. சம்பளமும் கிடையாது. ஆனால் நீதித்துறைக் கட்டடத்தில் அவருக்கு ஒரு அறை உண்டு. கே தெருவில் 1625ஆம் எண் பச்சை வீட்டில் ஒஹாயோ கூட்டாளிகள் கடை விரித்தார்கள். மருத்துவத்துக்கு என்ற பெயரில் சாராயத்தைக் கிடங்கிலிருந்து எடுக்க பர்மிட், வழக்கிலிருந்து விடுபடச் சிபாரிசு, எல்லாவற்றுக்கும் ரேட் இருந்தது.

போரில் காயம்பட்ட வீரர்களுக்கான அலுவலகம் சார்ல்ஸ் ஃபோர்ப்ஸ் கையில் இருந்தது. ஹவாய்ச் சுற்றுலாவில் ஹார்டிங்குக்குப் பழக்கமான ஆள். மேரிலாந்தின் பெர்ரிவில் கிடங்குகளில் மருத்துவமனைகளுக்காக வைத்திருந்த புத்தம்புதிய படுக்கை விரிப்பு, துண்டு, கட்டுத்துணி எல்லாம் 'உபரி' என்ற பெயரில் பாஸ்டன் நிறுவனமொன்றுக்கு அடிமாட்டு விலைக்குப் போயின. மருத்துவமனை கட்டும் ஒப்பந்தங்களிலும் கமிஷன். காலை இழந்து, நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த சிப்பாய்களின் துணியில் காசு பார்த்தார்கள். ஹார்டிங்கின் குடும்ப மருத்துவர் சாயர்தான் முதலில் குறிப்புக் காட்டினார். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒரு ஆளின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்திக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்வையாளர் ஒருவர் கண்டதாகவும், அந்த ஆள் ஃபோர்ப்ஸ் என்றும் ஒரு கதை உண்டு. கோபம் நிஜமாக இருக்கலாம். செய்தது என்னவோ, ஃபோர்ப்ஸை ஐரோப்பா போக விட்டு, அங்கிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்ப வைத்ததுதான். அது 1923 பிப்ரவரி. அடுத்த மாதமே அந்த அலுவலகத்தின் சட்ட ஆலோசகர் தற்கொலை செய்துகொண்டார். மே 30ஆம் தேதி ஜெஸ் ஸ்மித். சாவதற்கு முன் தன் காகிதங்களை அவர் எரித்திருந்தார்.

இனி டீபாட் டோம். வயோமிங் மாநிலத்தில் தேநீர்க் கெண்டி போல் ஒரு மணற்பாறை. அதனருகே பூமிக்கடியில் எண்ணெய். போர்க்கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் என்பதால், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கலிபோர்னியாவின் எல்க் ஹில்ஸையும் வயோமிங்கின் இந்த இடத்தையும் டாஃப்டும் வில்சனும் கடற்படைக்காக ஒதுக்கியிருந்தார்கள். தோண்டக் கூடாது, நிலத்தடியிலேயே கிடக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

நிலம், காடு, கனிமம் ஆகியவற்றைக் கவனிக்கும் உள்துறைக்கு ஹார்டிங் நியமித்தவர் ஆல்பர்ட் ஃபால். நியூ மெக்சிகோ செனட்டர், அகலத் தொப்பி, அடர்ந்த மீசை. செனட்டில் ஹார்டிங்கின் சகா. குழு விசாரணை எதுவும் இல்லாமல் சக செனட்டர்கள் அன்றைக்கே கைதட்டி ஒப்புதல் கொடுத்தார்கள். 1921 மே 31ஆம் தேதி, இந்த எண்ணெய் நிலங்களைக் கடற்படையிடமிருந்து உள்துறைக்கு மாற்றும் ஆணையில் ஹார்டிங் கையெழுத்திட்டார். கடற்படை அமைச்சர் டென்பி மறுப்பே சொல்லவில்லை.

1922 ஏப்ரல் 7. ஏலம் இல்லை, அறிவிப்பு இல்லை. டீபாட் டோம் முழுவதும் ஹாரி சின்க்ளேரின் மாமத் எண்ணெய்க் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போனது. எல்க் ஹில்ஸ் எட்வர்ட் டொஹீனிக்கு. டொஹீனி பதிலுக்கு ஹவாயின் பேர்ல் ஹார்பரில் கடற்படைக்கு எண்ணெய்த் தொட்டிகள் கட்டிக்கொடுக்கவேண்டும். பக்கத்து நிலத்துக் கிணறுகள் நம் எண்ணெயை உறிஞ்சிவிடும், அதனால்தான் அவசரம் என்றார் ஃபால். ரகசியம் ஏன் என்றால், தேசப் பாதுகாப்பு என்றார். ஒரு வாரத்துக்குள் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' செய்தியைப் போட்டுவிட்டது. விஸ்கான்சின் செனட்டர் லா ஃபாலெட் விசாரணை கேட்டார். ஃபால் வண்டி வண்டியாகக் கோப்புகளை அனுப்பினார். எதுவும் மறைக்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும், படித்து முடிக்க யாருக்கும் பொறுமை இராது என்ற கணக்கிலும். கூடவே ஹார்டிங்கின் கடிதம் ஒன்று: இந்தக் கொள்கை என்னிடம் காட்டப்பட்டது, என் முழு ஒப்புதலோடு நடந்தது.

ஹார்டிங் ஒரு காசு வாங்கியதற்கு ஆதாரம் இன்றுவரை இல்லை. ஆனால் அந்தக் கடிதம் இருக்கிறது.

1923 ஜூன் 20ஆம் தேதி மேற்கு நோக்கிப் பெரிய சுற்றுப்பயணம் கிளம்பினார். அலாஸ்காவுக்குப் போன முதல் ஜனாதிபதி அவர்தான். கப்பலில் தூக்கம் இல்லை. நாள் முழுக்க பிரிட்ஜ் ஆடினார். கூட ஆடிச் சலித்த ஹூவருக்கு அந்த ஆட்டமே அதன்பின் வெறுத்துப்போனது. ஒரு நாள் ஹூவரைத் தனியே அழைத்து, நிர்வாகத்துக்குள் பெரிய ஊழல் ஒன்று இருப்பது தெரிந்தால் நீர் என்ன செய்வீர் என்று கேட்டார். வெளியே சொல்லிவிடுவேன், அதுதான் பெயரைக் காப்பாற்றும் என்றார் ஹூவர். டாகர்ட்டிக்கு இதில் சம்பந்தமுண்டா என்று திருப்பிக் கேட்டதும் ஹார்டிங் வாயை மூடிக்கொண்டார். எதிரிகளைச் சமாளிப்பது கஷ்டமில்லை, இரவில் தூக்கம் கெடுப்பது நண்பர்கள்தான் என்று கான்சாஸ் பத்திரிகையாசிரியர் வில்லியம் ஆலன் வைட்டிடமும் அவர் புலம்பியிருந்தார்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி மாலை, சான் பிரான்சிஸ்கோ பேலஸ் ஹோட்டல். ஃப்ளாரன்ஸ் பத்திரிகையிலிருந்து கணவரைப் புகழ்ந்த கட்டுரையொன்றை வாசித்துக்கொண்டிருந்தார். உயிர் பிரிந்தது. வயது 57. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள் மருத்துவர்கள். இன்றைய மருத்துவர்கள் மாரடைப்பு என்கிறார்கள். பிரேதப் பரிசோதனைக்கு அம்மையார் சம்மதிக்கவில்லை. போதாதா? மனைவிதான் விஷம் வைத்தார் என்று ஏழு வருடம் கழித்து காஸ்டன் மீன்ஸ் என்ற முன்னாள் புலனாய்வு ஆளும் ஜெயில் பறவையுமான ஒருவர் புத்தகமே போட்டார். நன்றாக விற்றது. எழுதிக்கொடுத்த பெண்மணியே பிற்பாடு அதெல்லாம் புளுகு என்று கைவிரித்தார். அந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டுபவர்கள் இன்றும் உண்டு. நம்பவேண்டாம்.

சவ ரயில் போன பாதையெல்லாம் லட்சக்கணக்கானோர் நின்று அழுதார்கள். லிங்கனுக்குப் பிறகு அப்படியொரு துக்கத்தை நாடு கண்டதில்லை. ஃப்ளாரன்ஸ் வெள்ளை மாளிகைக்குத் திரும்பி, கணவரின் பெட்டிகளைப் பிரித்துக் கணப்பில் போட ஆரம்பித்தார். பிறகு மேரியனிலும் எரித்தார். எல்லாம் சாம்பலாயிற்று என்றுதான் நாற்பது வருடம் நம்பினார்கள். உண்மையில் செயலர் ஜார்ஜ் கிறிஸ்டியன் பெரும்பகுதியைப் பத்திரமாக வைத்திருந்தார். 1964இல் அவை ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன.

செனட் விசாரணை 1923 அக்டோபரில் தொடங்கியது. பொறுப்பு மான்டானாவின் தாமஸ் வால்ஷ் கையில். வறண்ட பேச்சு, தொங்கு மீசை, சாதுவான வக்கீல். ஃபால் அனுப்பிய கோப்பு மலையை யாரும் படிக்கமாட்டார்கள் என்றல்லவா கணக்கு? வால்ஷ் ஒவ்வொரு தாளாகப் படித்தார். நியூ மெக்சிகோவிலிருந்து வந்த பத்திரிகையாசிரியர் கார்ல் மகீ ஒரு சாட்சி சொன்னார். 1912 முதல் பண்ணைக்கு வரி கட்ட வக்கில்லாமல் இருந்த ஃபால், திடீரென்று பாக்கி முழுவதையும் கட்டிவிட்டார். பண்ணைக்குப் புதுச் சாலை, மின்சாரம், உயர்ஜாதி மாடுகள். காசு எங்கிருந்து?

வாஷிங்டன் போஸ்ட் முதலாளி எட்வர்ட் மெக்லீன் ஒரு லட்சம் கடன் கொடுத்தார் என்று ஃபால் எழுதி அனுப்பினார். வால்ஷ் ரயிலேறி ஃபுளோரிடாவுக்கே போய் மெக்லீனைக் கேட்டார். காசோலைகள் கொடுத்தேன், மாற்றாமலே திருப்பித் தந்துவிட்டார் என்றார் மெக்லீன். அடுத்து தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகன் ஆர்ச்சி. சின்க்ளேரிடம் வேலை பார்த்தவர். ஃபாலின் பண்ணை மேஸ்திரிக்கு 68,000 டாலர் போனதாகச் சின்க்ளேரின் செயலாளரே தன்னிடம் சொன்னார் என்று சாட்சி சொன்னார். செயலாளரைக் கூப்பிட்டார்கள். நான் தொகை எதுவும் சொல்லவில்லை, ஆறோ எட்டோ பசுக்கள் என்றுதான் சொன்னேன், அவர் காதில் தப்பாக விழுந்திருக்கும் என்றார் அவர். மண்டபம் சிரித்தது. உண்மையில் சின்க்ளேர் கால்நடைகளும் அனுப்பியிருந்தார்: ஆறு கிடாரி, ஒரு இளங்காளை, பன்றிகள்.

1924 ஜனவரி 24ஆம் தேதி டொஹீனி தானாகவே வந்தார். ஆமாம், ஒரு லட்சம் டாலர் கொடுத்தேன். ரொக்கமாக, 1921 நவம்பரில், என் மகன் ஒரு சிறிய கறுப்புப் பையில் கொண்டுபோய்க் கொடுத்தான். இளவயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து தங்கம் தேடி அலைந்தவர்கள். நண்பனுக்குக் கைமாற்று. எனக்கு அது அற்பத் தொகை. எல்க் ஹில்ஸில் எவ்வளவு லாபம் எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டபோது, பத்துக் கோடி டாலர் என்றார்! கடன் பத்திரத்தைக் காட்டினார். அதில் ஃபாலின் கையெழுத்து இருந்த இடம் கிழிந்திருந்தது.

அதுவரை செய்தித்தாள்கள் பலவும் வால்ஷைத்தான் சேறு வீசுபவர் என்று ஏசிக்கொண்டிருந்தன. செத்துப்போன ஜனாதிபதியின் பெயரைக் கெடுக்கிறார் என்ற கோபம். கறுப்புப் பைக்குப் பிறகு குரல்கள் மாறின.

சின்க்ளேர் தந்த பணம் இன்னும் சுவாரசியமான வழியில் பிடிபட்டது. கனடாவில் பெயருக்கு ஒரு கம்பெனியை உருவாக்கி, அதன் லாபத்தில் அரசின் போர்க்கால லிபர்ட்டி பத்திரங்களை வாங்கியிருந்தார்கள். அரசுப் பத்திரம் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. எண்ணைப் பிடித்துக்கொண்டே போனவர்கள் ஃபால் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் போய் நின்றார்கள். 1927இல் உச்ச நீதிமன்றம் இரண்டு குத்தகைகளையும் ரத்து செய்தது. 1929இல் டொஹீனியிடம் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்கு ஃபாலுக்கு ஓராண்டு சிறை, ஒரு லட்சம் டாலர் அபராதம். 1930இல் அதே லஞ்சத்தைக் கொடுத்த குற்றச்சாட்டிலிருந்து டொஹீனி விடுதலை. ஒரே பை. வாங்கியவர் குற்றவாளி, கொடுத்தவர் நிரபராதி! சின்க்ளேரும் சதி வழக்கில் தப்பினார். ஆனால் செனட்டுக்குப் பதில் சொல்ல மறுத்ததற்கும், ஜூரிகள் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியதற்கும் ஆறு மாதம் சிறையில் இருந்தார். ஃபாலின் பண்ணையைப் பிற்பாடு கடனுக்காக எடுத்துக்கொண்டது டொஹீனியின் கம்பெனிதான். நண்பனுக்குத் தந்த கைமாற்று அல்லவா!

டாகர்ட்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போனார். போரில் கைப்பற்றிய ஜெர்மானியச் சொத்தை விடுவித்ததில் கைமாறிய பணத்தில் ஒரு பங்கு, ஒஹாயோவில் அவருடைய சகோதரரின் வங்கியில் ஜெஸ் ஸ்மித் வைத்திருந்த கணக்கில் விழுந்திருந்தது. கணக்குப் புத்தகத்தைக் கேட்டபோது அது எரிந்துவிட்டிருந்தது. சாட்சிக் கூண்டில் ஏற டாகர்ட்டி மறுத்தார். காரணமாக எழுதிக்கொடுத்ததில், தான் ஹார்டிங்குக்கும் அவர் மனைவிக்கும் வக்கீலாக இருந்ததை நினைவூட்டினார். செத்தவரின் அந்தரங்கத்தைக் காக்கவே மௌனம் என்று ஊர் புரிந்துகொண்டது. ஹார்டிங்கின் படுக்கையறை ரகசியம் அவர் சமாதிக்குப் போன பிறகும் டாகர்ட்டிக்குக் கேடயமாக உதவியது. வழக்கு நடந்த இரண்டு முறையும் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. உடன் குற்றம் சாட்டப்பட்டு நின்ற தாமஸ் மில்லர்தான் சிறைக்குப் போனார்.

1927இல் நான் பிரிட்டன் 'ஜனாதிபதியின் மகள்' என்ற பொருள்பட ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்தப் பதிப்பாளரும் தொடவில்லை, தானே அச்சிட்டார். நியூயார்க்கில் ஒழுக்கக் காவலர்கள் போலீஸோடு வந்து அச்சுத் தகடுகளை அள்ளிப்போனார்கள். நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. செனட் அலுவலகம், வெள்ளை மாளிகையில் மேலங்கி மாட்டும் சிற்றறை என்று இடம் காலத்தோடு எழுதியிருந்தார். ஹார்டிங் குடும்பம் வாயைத் திறக்கவில்லை. சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததால் ஹார்டிங்குக்குக் குழந்தை பிறக்கவே வாய்ப்பில்லை என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். நான் பிரிட்டனைக் கேவலமாகச் சித்திரித்த ஒரு மறுப்பு நூலும் வந்தது. அதை விற்றவர்மீது 1931இல் டொலிடோவில் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார். கடிதம் உண்டா என்றார்கள். எரித்துவிட்டேனே என்றார். பத்திரத்துக்கு எண் இருந்தது, பைக்குக் கிழிந்த சீட்டாவது இருந்தது. இந்தப் பெண்ணிடம் வெறும் வாய்ச்சொல். ஒரு தலைமுறை முழுக்க அவரைப் பணம் பறிக்க வந்த பொய்க்காரி என்றது. மரியாதைக்குரிய வரலாற்றாசிரியர்கள் சிலரும் அதில் சேர்த்தி.

கேரியின் கடிதங்களுக்கு வேறு விதி. தள்ளாத வயதில் அவரைப் பராமரிக்க நியமிக்கப்பட்ட வக்கீல் பூட்டிய அலமாரியைத் திறந்தபோது பெட்டியில் கட்டுக்கட்டாக இருந்தன. 1960களில் ஃப்ரான்சிஸ் ரஸ்ஸல் என்ற எழுத்தாளர் கையில் கிடைக்க, ஹார்டிங் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். தடையால், மேற்கோள் வரவேண்டிய இடங்களை வெற்றாகவே விட்டு ரஸ்ஸல் தன் நூலை வெளியிட்டார். கடிதங்கள் நாடாளுமன்ற நூலகத்தில் முத்திரையிடப்பட்டு, 2014 ஜூலை 29ஆம் தேதிதான் வெளிவந்தன. ஏறத்தாழ ஆயிரம் பக்கம். தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு அந்த வாரம் தீபாவளி.

அடுத்த ஆண்டு ஹார்டிங்கின் உடன்பிறந்தார் வழிப் பேரப்பிள்ளைகள் இருவரும், நான் பிரிட்டனின் பேரனும் உமிழ்நீர் கொடுத்தார்கள். மரபணுக்கள் பொருந்தின. நான் பிரிட்டனின் மகள்தான் ஹார்டிங்குக்குப் பிறந்ததாகத் தெரிந்த ஒரே குழந்தை. பழைய மாமனார் வதந்திக்கும் கூடவே விடை வந்தது. அண்மைத் தலைமுறைகளில் ஆப்பிரிக்க மூதாதையர் இருந்ததற்குத் தடயமில்லை. இருந்திருந்தால்தான் என்ன? நான் பிரிட்டன் 1991இலும் அவர் மகள் 2005இலும் காலமாகியிருந்தார்கள்.

மேரியனில் மக்கள் காசில் கட்டிய வெள்ளைப் பளிங்கு நினைவு மண்டபம் சில வருடம் திறப்பு விழா காணாமலே நின்றது. எந்த ஜனாதிபதிக்கும் அங்கே போக மனமில்லை. கடைசியில் 1931 ஜூன் 16ஆம் தேதி ஹூவர் வந்தார். ஹார்டிங் நம்பிய நண்பர்களே அவருக்குத் துரோகம் செய்தார்கள் என்று மேடையில் வெளிப்படையாகப் பேசினார். அடுத்த மாதம், காசநோயோடு ஆம்புலன்சில் சான்டா ஃபே சிறைக்குப் போனார் ஆல்பர்ட் ஃபால். பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர்.

இந்த ஆட்சியின் அமைச்சரவைக் கூட்டங்களிலெல்லாம் ஒருவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். துணை ஜனாதிபதி ஒருவரை வழக்கமாகக் கூட்டத்துக்கு அழைத்தது அதுவே முதல் தடவை. அவர் பெயர் கால்வின் கூலிட்ஜ். இத்தனை சேறு தெறித்த மேசையில் அவர் சட்டையில் மட்டும் ஒரு துளிகூடப் படாதது எப்படி? ஊழல் விசாரணை நடந்துகொண்டிருந்த அதே 1924இல், அதே கட்சியின் பெயரில் நின்று அவ்வளவு எளிதாக ஜெயித்தது எப்படி? அடுத்த வாரம்.

(தொடரும்)